சின்னவளின் டிரையர்

மழை பிடித்து ஒரு வாரமாகியும் விட்டபாடில்லை. வீட்டில் காய்ந்த துணி என்று சொல்லிக்கொள்ள, உடுத்தியிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. நாற்காலி முதுகுகள், கதவுக் கைப்பிடிகள், மாடிப்படிக் கம்பிகள் என்று பார்த்த இடமெல்லாம் ஈரம் தொங்கியது. அதில் பாதி மாமனாரின் படுக்கை விரிப்புகள். இரவில் அவரால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. விடிந்தால் விரிப்பு, அடிவிரிப்பு, போர்வை எல்லாவற்றையும் உருவித் துவைத்தாக வேண்டும்.

சின்னவள் காலையிலிருந்தே துணி உலர்த்தும் டிரையரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் இளைய மருமகள் அவள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தபோது, கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆசைப்பட்டு வாங்கிய டிரையர் அது. புருஷனோடு தனிக்குடித்தனம் இருந்த காலத்தில் நடுநாயகமாக நின்றது. மாமனாருக்கு நுரையீரல் கெட்டு, இரண்டு மகன்களும் ஒரே கூரையின்கீழ் இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவானபோது டிரையரும் கூடவே வந்தது. பின்பக்கத் துவைக்கும் அறையில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், மூச்சு முட்ட அதைச் செருகி வைத்தார்கள்.

மூத்த மருமகளான பெரியவளுக்கு அது வந்த நாளிலிருந்தே ஆகவில்லை. "உன் செல்லம்" என்றுதான் சொல்வாள். "உன் செல்லம் இன்னிக்கு என்ன முனகுது?" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வதால் சண்டையும் போட முடியாது.

அன்று செல்லம் முனகக்கூட இல்லை. கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு சிவப்பு விளக்கைக் கண்சிமிட்டிவிட்டு நின்றுவிடும். சின்னவள் பஞ்சு வடிகட்டியை இழுத்துக் கம்பளித் துண்டு போலப் படிந்திருந்த தூசியை உரித்துப் போட்டாள். சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டாள். ஸ்டார்ட் பொத்தானை விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடித்தாள். ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி ரீசெட் செய்தாள். இந்த முறை சுற்றும்போதே துணிமேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தது போல ஒரு வாடை எழுந்தது.

வாடை பிடித்துக்கொண்டு பெரியவள் வாசற்படிக்கு வந்தாள்.

"போதும், விட்டுடு. ஏதோ கருகுது."

"தூசி சூடாகுதுக்கா. சூடு ஏறினா இது தானா நின்னுக்கும். ரீசெட் பண்ணா திரும்ப ஓடும். அவ்வளவுதான்."

"தானா நிக்குதுன்னா ஏதோ முடியலன்னுதானே அர்த்தம்? சும்மா சும்மா எழுப்பி விடறியே."

"ஈர விரிப்புல மாமாவைப் படுக்க வைக்கச் சொல்றீங்களா? மெஷினைப் பத்தி எனக்குத் தெரியும்க்கா."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் காரம் அவளுக்கே உறைத்தது. பெரியவள் மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டுத் திரும்பினாள். அந்த உறிஞ்சல்தான் சின்னவளைப் பிடித்துத் தள்ளியது. பொத்தானை மீண்டும் அழுத்தினாள்.

உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜின் உறுமல் எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. அதைக் கிழித்துக்கொண்டு முன்னறையிலிருந்து நீளமான 'பீ...' என்ற ஓலம் வந்தது.

மாமனாரின் ஆக்சிஜன் மெஷின், கரண்ட் நின்றுவிட்டது என்று கத்துகிறது.

இரண்டு பேரும் ஓடினார்கள். மாமனார் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஒரு விசிலில் மைதானம் முழுவதையும் நிறுத்தி வைத்தவர் என்று மகன்கள் இன்றும் பெருமையடிப்பார்கள். இப்போது ஒரு வாக்கியம் பேசவே அவருக்கு நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும்.

"என்ன... யாரு அவுட்டு?" என்றார்.

"கரண்ட்டுதான் மாமா. இப்ப வந்துடும்" என்றாள் பெரியவள். சொல்லிக்கொண்டே கட்டிலடியில் இருந்த சிறிய சிலிண்டரை இழுத்து, குழாயை அதில் மாட்டி, திருகைத் திறந்தாள். 'உஸ்' என்று காற்று வந்தது. பிறகுதான் இருவரும் அதன் மீட்டர் முள்ளைப் பார்த்தார்கள். அது சிவப்புக் கோட்டின் ஓரத்தில் படுத்திருந்தது.

போன முறை கரண்ட் போனபோது பாதிக்கு மேல் செலவான சிலிண்டர் அது. மாற்றி வாங்கியிருக்க வேண்டும். தம்பி மாற்றிவிடுவான் என்று அண்ணனும், அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தம்பியும் இருந்துவிட்டார்கள். இன்று இருவரும் காரை எடுத்துக்கொண்டு வெளியூரில் உடம்புக்கு முடியாத அத்தையைப் பார்க்கப் போயிருந்தார்கள். போன் போட்டால் இருவருடையதும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

"நீ மெயினைப் பாரு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்" என்றாள் பெரியவள். குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூட நேரம் இல்லை என்பது அதில் தெரிந்தது.

நடைவழியில் இருந்தது மின்பலகை. பெரிய லீவர் ஒன்று கீழே விழுந்திருந்தது. சின்னவள் அதை மேலே தள்ளினாள். விரலை எடுப்பதற்குள் 'டக்' என்று விழுந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி விழுந்தது. டிரையர்தான் என்று உள்மனம் சொன்னது. பின்னறைக்கு ஓடிச் சுவர் சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்து, பலகையிலும் டிரையருக்கென்று இருந்த சின்ன பிரேக்கரைக் கீழே இறக்கினாள். இப்போது லீவரைத் தள்ளினாள்.

'டக்.'

அவளுக்குப் புரியவில்லை. எல்லா பிரேக்கர்களையும் இறக்கிவிட்டுப் பெரிய லீவரை மட்டும் ஏற்றினாள். நின்றது. ஒவ்வொன்றாக மேலே போட்டாள். நடைவழி விளக்கு எரிந்தது, லீவர் அசையவில்லை. முன்னறைக்குப் போகும் பிரேக்கரைத் தூக்கினாள். ஆக்சிஜன் மெஷின் ஒருமுறை இருமுவது போலக் கிளம்பியது. உடனே 'டக்' என்று வீடு மொத்தமும் இருண்டது.

"அக்கா!" என்று அவள் கத்தினாள். "டிரையர் இல்லக்கா! அதை அணைச்சாச்சு, அப்பவும் விழுது. ஆக்சிஜன் மெஷின் லைன்ல போட்டாதான் விழுது. டிரையர் இல்லவே இல்ல!"

கத்திய பிறகு தன் குரல் அவள் காதிலேயே விழுந்தது. பரீட்சையில் பாஸான பெண்ணின் குரல். அந்த வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

பெரியவள் போனைக் காதோடு வைத்தபடி முன்னறை வாசலில் நின்று அவளைப் பார்த்தாள். "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. பாலத்துக்குக் கீழ தண்ணியாம், சுத்திக்கிட்டு வரணுமாம்" என்றாள். "சிலிண்டர் திருகைத் தொடாதீங்க, நிமித்தி உட்கார வைங்கன்னு சொல்றாங்க. நீ சொல்றது நெஜம்னா, இந்த மெஷினே போச்சுன்னு அர்த்தம். அப்ப கரண்ட் வந்தும் பிரயோஜனம் இல்ல."

சின்னவளின் சந்தோஷம் அங்கேயே செத்தது.

ஆக்சிஜன் மெஷினின் வயரைப் பிடுங்கி, உருட்டிக்கொண்டு போய், உள்ளறை பாயிண்ட்டில் குத்திப் பார்த்தார்கள். அங்கேயும் லீவர் விழுந்தது. மெஷினை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் போட்டுப் பார்த்தாள் சின்னவள். அதற்கும் விழுந்தது. விளக்குக்கு நிற்கிறது, பெரிதாக எதைப் போட்டாலும் விழுகிறது. பிடித்த கொம்பெல்லாம் முறிகிற மாதிரி இருந்தது. பெரியவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், அங்கிருந்து வயர் இழுக்கலாம் என்று. கதவில் பூட்டு. எதிர் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் தெருவே தண்ணீராக ஓடியது. நனைந்து திரும்பியவளின் முந்தானையிலிருந்து நடைவழி முழுக்கச் சொட்டியது.

அந்த வீட்டுக்கு எப்போதும் வருகிற எலக்ட்ரீஷியனின் நம்பர் சின்னவளின் போனில் இருந்தது. நல்லவேளையாக எடுத்தார். அவள் ஒரே மூச்சில் நடந்ததைக் கொட்டினாள்.

"பதறாம சொல்லுங்கம்மா. முதல்ல எது ஓடும்போது டிரிப் ஆச்சு?"

"டிரையர். ஆனா அதை அணைச்சாச்சுங்க. பிரேக்கரும் இறக்கியாச்சு."

"பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

பிளக் டிரையருக்குப் பின்னால், தரையோரத்தில் இருந்தது. சுவிட்ச் மட்டும்தான் கைக்கு எட்டும் உயரத்தில். மெஷினை வெளியே இழுக்காமல் பிளக்கைத் தொட முடியாது. சுவிட்சை அணைத்தால் பிடுங்கின மாதிரிதானே?

"பிடுங்கிட்டேன்" என்றாள் சின்னவள்.

"பிடுங்கியும் விழுதா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சுவருக்குள்ள எங்கேயோ லைன்ல தண்ணி இறங்கியிருக்கணும். நேர்ல பாக்காம சொல்ல முடியாதும்மா. நான் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கேன். கிளம்பறேன், ஆனா இந்த மழையில எப்ப வந்து சேருவேன்னு சொல்ல முடியல."

போனை வைத்தாள். "வராராம்" என்றாள் பெரியவளிடம். பெரியவள் மாமனாரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவரைத் தன் தோளில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அவர் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் சின்னக் கருவியில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சிலிண்டரின் 'உஸ்' சத்தம் மெலிந்துவிட்டது. மாமனாரின் உதடுகளில் நாவல் பழம் தின்றது போல நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

"உங்க... ரெண்டு பேர் மேட்ச்ல... எனக்கு எதுக்குடி... பெனால்ட்டி?" என்றார் அவர். சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்குப் போதுமான காற்று இல்லை.

பிடுங்கிட்டேன் என்று சொன்ன சொல் சின்னவளைக் குத்தியது. எலக்ட்ரீஷியன் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கலாம். இதை ஏன் கேட்டார்? சுவிட்ச் அணைத்தாயா என்று கேட்கவில்லையே, பிளக்கைத்தானே கேட்டார்? இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் கேள்விக்கே அவசியம் இல்லை. டிரையர் காரணமாக இருக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதையே பதிலாகவும் சொல்லிவிட்டாள்.

"அக்கா" என்றாள். "நான் பிளக்கைப் பிடுங்கல. பிடுங்கினதா அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

பெரியவள் தலை நிமிர்ந்தாள். ஒரு பார்வை. அதில் என்ன இருந்தது என்று சின்னவளால் நின்று படிக்க முடியவில்லை. பெரியவள் மாமனாரைத் தலையணைகளில் சாய்த்து, "மாமா, கொஞ்சம் பிடிச்சுக்குங்க, இதோ வந்துட்டோம்" என்றாள். பிறகு சின்னவளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள்.

"மெயினை இறக்கினியா?"

"விழுந்துதான் கிடக்கு."

"விழுந்து கிடக்கறது வேற, நீ இறக்கறது வேற. போய்த் தொட்டுப் பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்தாள். இருவரும் டிரையரின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தார்கள். ஈரத் துணி பாரத்தோடு அது கல்லாக நின்றது. பெரியவளுக்கு இடுப்பு வலி பழைய வியாதி. பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் இழுத்தாள். டிரையரின் ஒரு கால் தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது, பிறகு வாஷிங் மெஷினின் குழாயில் மாட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் வரவில்லை. பின்னால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடம்.

சின்னவள் டிரையர்மேல் ஏறிக் குப்புறப் படுத்தாள். தகரம் இன்னும் சூடாக இருந்தது, வயிற்றைச் சுட்டது. தலையைச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் விட்டு, வலது கையைக் கீழே இறக்கினாள். தூசி, ஒட்டடை, சூடான காற்றுக்குழாயின் நெளிவு. விரல் நுனியில் வயர் தட்டுப்பட்டது. வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிளக்கின் முதுகு. ஆனால் பிடிக்க முடியவில்லை, அரை விரல் தூரம் குறைந்தது.

"இன்னும் கொஞ்சம் இறங்கணும்க்கா. காலைப் பிடிச்சுக்குங்க. விட்டுடாதீங்க!"

பெரியவள் அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் கட்டிப் பிடித்தாள். "இவ்வளவு நாளா உன் காலை எப்படா வாரலாம்னு இருந்தேன். இப்பப் பார்த்துப் பிடிக்கச் சொல்றியே" என்றாள்.

சின்னவள் தலைகீழாகத் தொங்கினாள். ரத்தம் முகத்துக்குப் பாய்ந்தது. காற்றுக்குழாயின் மெல்லிய தகடு கன்னத்தில் கீறியது. விரல்கள் பிளக்கைச் சுற்றின. இழுத்தாள். அசையவில்லை. சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பாயிண்ட்டோடு ஒட்டியிருந்தது. இடமும் வலமும் ஆட்டினாள். நகம் ஒன்று மடிந்தது. முன்னறையிலிருந்து வந்துகொண்டிருந்த 'உஸ்' சத்தம் கேட்கவில்லை என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. நின்றுவிட்டதா, இல்லை மழை அதை விழுங்கிவிட்டதா?

"அக்கா, சிலிண்டர்..."

"அதைப் பாக்காத. இழு!"

இழுத்தாள். பிளக் கையோடு வந்தது.

"வந்துடுச்சு! போங்க, போங்க!"

பெரியவள் காலை விட்டுவிட்டு ஓடினாள். சின்னவள் அந்த இடுக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். லீவர் ஏறும் சத்தம் கேட்டது. அடுத்த 'டக்' சத்தத்துக்காகப் பல்லைக் கடித்தாள். அது வரவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமியது. எங்கேயோ விசிறி சுழன்றது. உள்ளறையில் நின்றிருந்த ஆக்சிஜன் மெஷினைப் பெரியவள் கடகடவென்று உருட்டிக்கொண்டு போகும் ஓசை வந்தது. பிறகு ஒரு நீண்ட அமைதி. சின்னவளின் ஆயுசில் அவ்வளவு நீளமான அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. அதன்பின் மெஷின் ஒருமுறை இருமி, சீராக மூச்சு விடத் தொடங்கியது.

அவள் கையை ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்து, தரையில் விழுந்து, எழுந்து, முன்னறைக்குப் போனாள். பெரியவள் மாமனாரின் மூக்கில் குழாயைச் சரிசெய்துவிட்டு, அவர் விரலைத் தன் உள்ளங்கையில் வைத்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் கொஞ்ச நேரம் அடம்பிடித்தன. பிறகு ஒன்று ஏறியது. இன்னொன்று ஏறியது. மாமனார் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தார். ஒட்டடையும் ரத்தக் கீறலுமாக நின்ற சின்னவளின் முகத்தில் அவர் பார்வை நின்றது.

"கபடி... ஆடினியா?" என்றார்.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பெரியவள் அவளைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சிலிண்டரின் திருகைப் போய் மூடினாள்.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது மாமனாரின் உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. வந்தவர்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இப்போதைக்குத் தூக்கிப்போக வேண்டியதில்லை என்று சொல்லி, நிறைந்த சிலிண்டர் ஒன்றை வைத்துவிட்டு, காலியாக ஒன்றை வீட்டில் வைத்திருந்ததற்கு திட்டுகிற அளவு திட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டதும் பெரியவள்தான். எலக்ட்ரீஷியனும் வந்தார். டிரையரின் முதுகைக் கழற்றிக் காட்டினார். சூடேற்றும் கம்பிச்சுருள் அறுந்து, தொங்கி, தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சுவிட்சை அணைச்சா ஒரு கம்பிதாம்மா துண்டாகும். இன்னொண்ணு வீட்டு வயரிங்கோட சேர்ந்தேதான் இருக்கும். அது தகரத்துல பட்டா, நீங்க வேற எதைப் போட்டாலும் மெயின் விழும்" என்றார். பிறகு சின்னவளைப் பார்த்து, "பிடுங்கிட்டேன்னு சொன்னீங்களே?" என்றார்.

"பொய் சொன்னேன்" என்றாள் அவள்.

அவர் திருகாணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஒருவழியாகப் பெரியவளின் புருஷனுக்குப் போன் கிடைத்தது. பெரியவள் பேசுவதைச் சமையலறையில் நின்று சின்னவள் கேட்டாள். மறைத்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை, போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று ஒரு பயம். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?

"ஆமா, உங்க தம்பி பொண்டாட்டிதான் போட்டா. வேணாம் வேணாம்னு சொல்லியும் போட்டா" என்றாள் பெரியவள். "அவதான் தலைகீழாத் தொங்கிக் கழட்டினா. ரெண்டையும் அவன்கிட்ட சொல்லிடுங்க. ஒண்ணை மட்டும் சொன்னா நடக்கறதே வேற. சிலிண்டர் கதையை நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்."

அன்றோடு இருவரும் நகமும் சதையுமாகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். அன்று சாயங்காலமே சண்டை வந்தது. டிரையருக்குள் கிடந்த விரிப்புகளைக் கையால் பிழிந்தாக வேண்டும். பெரிய விரிப்பு, ஒரு ஆளால் ஆகாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார்கள். எவ்வளவு முறுக்கியும் ஒரு சொட்டு வரவில்லை.

"என்னடி, பலமே இல்லையா உனக்கு?"

"முறுக்கிட்டுதான்க்கா இருக்கேன். கை எரியுது."

"எந்தப் பக்கம் முறுக்கற?"

"நீங்க முறுக்கற பக்கம்தான்."

பெரியவள் கையை நிறுத்தினாள். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் முறுக்கினா அது எப்படிடி பிழியும்? எனக்கு எதிர்ப் பக்கம் முறுக்கு. அதான் உனக்கு நல்லா வருமே!"

சின்னவள் சட்டென்று திரும்ப ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் எதிர்ப் பக்கம் முறுக்கினாள். தண்ணீர் கொட்டி இருவரின் கால்களையும் நனைத்தது.

"அங்க என்ன... குழாயடிச் சண்டையா?" என்று முன்னறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். கொஞ்சம் நிறுத்தி, மூச்சை வாங்கிக்கொண்டு, "விரிப்பு இன்னிக்கு வருமா... இல்ல அடுத்த மழைக்குத்தானா?" என்றார்.

"வருது மாமா!" என்றார்கள் இருவரும். விரிப்பைத் தேய்த்தே உலர்த்திவிடலாம் என்று சின்னவள் இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனாள்.